சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலை உச்சிக்கு முட்டிவலிக்காரரும் 6 வயதுப் பிள்ளையும் ஏறலாமா?

தெம்பனிஸ்வாசி
அடுத்த மாதம் அம்மா, அப்பா ஊரிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 66 வயது. ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் முட்டி பிடிக்கும். பிள்ளைகளுக்கு 6, 9. ஞாயிறு காலை புக்கிட் தீமா உச்சிக்குப் போவதா, மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் தொங்குபாலத்துக்குப் போவதா? காரை எங்கே விடுவது? வழியில் கழிவறை உண்டா? குரங்குக்கு என்ன செய்வது? விரைவுச்சாலைக்கு மேலே ஒரு காட்டுப்பாலம் இருக்கிறதாமே, அதில் நடக்க விடுவார்களா?

ஏற்ற_இறக்கம்
தொங்குபாலத்தை மறந்துவிடுங்கள். பாலம் 250 மீட்டர்தான், ஆனால் அதை எட்டிப் பார்த்துத் திரும்ப 7 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒருவழிப் பாதை என்பதால் பாதியில் திரும்பவும் முடியாது. பாலம் முடிந்ததும் படிக்கட்டுகள் வேறு. திங்கட்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறையாக இருந்தால் மட்டும் திறப்பார்கள்.

புக்கிட் தீமா உயரம் 163.63 மீட்டர். (வனப்பகுதியின் பரப்பும் ஏறக்குறைய 163 ஹெக்டேர், எண் மறக்காது.) ஊரில் மலை ஏறியவர் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும். வருகையாளர் நிலையத்தைத் தாண்டியதும் தார்ச்சாலை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாக ஏறும், மூச்சு வாங்குவது அங்கேதான். மேலே ஓரிடத்தில் நீளமான படிக்கட்டும் சுற்றிப் போகும் தார்ச்சாலையும் பிரியும். அப்பா ஏறும்போது படியில் போகலாம், இறங்கும்போது கண்டிப்பாகச் சாலைதான். படியில் இறங்கினால் ஒவ்வொரு முறையும் உடல் எடை முழுவதும் ஒரே முட்டியில் விழும். சாலையில் குறுக்கும் நெடுக்குமாக, சின்னச் சின்ன அடியாக வைத்து வந்தால் அந்தச் சரிவே பாதியாகும். ஊன்றுகோல் இருந்தால் இறக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள், நுனியில் ரப்பர் தொப்பி இருக்கவேண்டும். காலணிக் கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டாவிட்டால் விரல் முன்னால் போய் முட்டும், நகம் கறுத்துவிடும்.

கழிவறை கீழே நிலையத்தில்தான். மேலே போனபின் 6 வயது 'அவசரம்' என்றால் ஒன்றும் செய்யமுடியாது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 1 லிட்டர், பிள்ளைகளுக்கு அரை லிட்டர் தண்ணீர்.

பியூட்டிவோர்ல்ட்_பக்கம்
கார் வேண்டாம். மலையடிவாரத்தில் ஹிண்ட்ஹீட் பக்கம் நிறுத்துமிடம் சிறியது, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே நிரம்பிவிடும். பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் கால் மணிநேர நடை. வனப்பகுதி காலை 7 முதல் மாலை 7 வரை. ஏழரைக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன்னே இறங்கிவிடலாம். அப்பா பாதியில் வேண்டாம் என்றால் வருகையாளர் நிலையத்தை ஒட்டியே ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்கா. கல் வெட்டிய பள்ளம் இப்போது குளமாகிக் கிடக்கிறது, பார்க்க மேடை உண்டு. என்னைக் கேட்டால் உச்சியைவிட அதுதான் அழகு. உச்சியில் ஒரு பாறையும் உயரம் எழுதிய பலகையும் படம் எடுக்க வரிசையும்தான்.

வால்நீளம்
குரங்குக்கு வருகிறேன். அவை பார்ப்பது மனிதரை அல்ல, பையை. நெகிழிப் பை சரசரத்தாலே சாப்பாடு என்று பழகிவிட்டன. எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் போடுங்கள், போத்தலையும் பக்கப் பையில் துருத்தவிடாதீர்கள். எதிரே வந்தால் கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள், அது அதற்கு மிரட்டல். ஓடவும் கூடாது. பிள்ளைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் மெதுவாக நகரவேண்டும். பையைப் பற்றிவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்தால்தான் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பாட்டி பாசத்தில் ஒரு வாழைப்பழம் நீட்டிவிடக்கூடாது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உணவு கொடுத்தால் முதல் முறையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

இரவாடி
காட்டுப்பாலம் நமக்கில்லை, விலங்குக்கு. 1986-ல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்தபோது இந்தக் காடும் மத்திய நீர்ப்பிடிப்புக் காடும் இரண்டாகிவிட்டன. எறும்புத்தின்னிகள் சாலை கடக்கும்போது அடிபட்டுச் செத்தன. அதனால்தான் 2013-ல் 62 மீட்டர் நீளத்தில் பாலம் கட்டி மண் நிரப்பி மரம் நட்டார்கள். இரண்டு முனையும் அகலம், நடு இடுப்பு ஒடுங்கலாக 50 மீட்டர். மனித வாடை பழகிவிட்டால் கூச்சமுள்ள விலங்கு ஏறாது, அதனால் ஆளை விடுவதில்லை. விரைவுச்சாலையில் போகும்போது தலைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், அப்பாவிடம் காட்டுங்கள்.

தெம்பனிஸ்வாசி
நன்றி அண்ணன்மாரே. அப்போ புக்கிட் தீமாதான், 7.30க்கு. நடுவில் மழை வந்தால்?

ஏற்ற_இறக்கம்
ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் சுமத்ராக் காற்றுமழை விடியலில்தான் அடிக்கும், ஒன்றிரண்டு மணிநேரத்தில் ஓய்ந்துவிடும். புறப்படுமுன் வானிலைச் செயலியில் மின்னல் எச்சரிக்கை பாருங்கள். ஏறும்போது இடி கேட்டால் உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது, மின்னலும் ஆபத்து, முறியும் கிளையும் ஆபத்து. மழை விட்டபின் மரப்பலகை நடைபாதையில் பாசி வழுக்கும், இலை ஒட்டிய தார்ச்சாலையும் அப்படியே. அன்றைக்கு அப்பாவுக்கு ஹிண்ட்ஹீட் குளம் போதும்.