புதுப்பிப்பு: கார்க் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நான் கொடுத்த நோட்டீஸ் செல்லுபடியாகவில்லை

அயர்லாந்தின் கார்க் நகரில் உள்ள எங்கள் வீட்டை விற்பதற்காக, 2021 முதல் அங்கே வாடகைக்குக் குடியிருப்பவருக்கு, காலி செய்ய மின்னஞ்சலில் 90 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, அது போதுமா என்று 2024 தொடக்கத்தில் இங்கே கேட்டிருந்தேன். போதாது என்று எச்சரித்தவர்கள் சொன்னதே சரியாகிவிட்டது.

அயர்லாந்துச் சட்டப்படி மின்னஞ்சல் நோட்டீஸே ஆகாது. கையொப்பமிட்டுத் தபாலிலோ நேரிலோ கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாகக் குடியிருந்தவருக்குத்தான் 90 நாள். ஓராண்டு முதல் ஏழாண்டுக்குள் குடியிருந்தவருக்கு 180 நாள். இவற்றைவிட எளிதில் தவறிப்போவது வேறொன்று: 2022 ஜூலை 6 முதல், குடியிருப்பவருக்குக் கொடுக்கும் அதே நாளில் குடியிருப்பு வாடகை வாரியத்துக்கும் (வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பு) நகல் அனுப்பாவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் நோட்டீஸ் செல்லாது. விற்பனைதான் காரணம் என்றால், அவர் வெளியேறியதிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் விற்பனை ஒப்பந்தம் செய்யும் எண்ணம் உண்டு என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து, வீட்டை வாங்கும் முதல் வாய்ப்பும் அவருக்கே உரியது.

பொறுமையிழந்து பூட்டை மாற்றலாம் என்று ஓர் உறவினர் யோசனை சொன்னார் (நல்லவேளை, கேட்கவில்லை). அப்படிச் செய்திருந்தால் வாரியம் 20,000 யூரோ வரை இழப்பீடு விதிக்கக்கூடும். குடியிருந்தவரைத் திரும்பக் குடியமர்த்தவும் உத்தரவிடலாம்.

இப்போது வழக்கறிஞர் தயாரித்த புதிய நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அன்றே வாரியத்துக்கும் நகல் கொடுத்துவிட்டேன். 180 நாளும் முதலிலிருந்தே ஓடுகிறது. காத்திருந்த வாங்குபவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார்.