மறு: பிரிஸ்கிரைபிங் சைக்காலஜிஸ்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். பிரிஸ்கிரைபிங் சைக்காலஜிஸ்ட் என்றால் மருந்து எழுதவும் சட்ட அனுமதி பெற்ற உளவியலாளர். உளவியலாளர்கள் மருந்து எழுதலாம் என்று அமெரிக்காவில் நியூ மெக்சிகோ 2002இல் முதலில் சட்டம் போட்டது. அப்புறம் லூசியானா, இல்லினாய், அயோவா, ஐடஹோ, கொலராடோ என்று நீண்டு, 2024இல் யூட்டா ஏழாவது மாநிலமாகச் சேர்ந்திருக்கிறது. இனி இந்தச் செய்தி தமிழில் அடிக்கடி வரும். அதற்குள் சொல்லை முடிவு செய்துவிடுவது நல்லது.

> மருந்து எழுதும் அந்த அனுமதிக்கு 'பரிந்துரை அதிகாரம்' போதாதா? பழகிய சொல்தானே.

பழகிய சொல்தான், ஆனால் இந்த இடத்தில் அது பொருளையே கெடுத்துவிடும். "இவருக்கு மனச்சோர்வு மருந்து பலன் தரலாம், பாருங்கள்" என்று குடும்ப மருத்துவருக்கு ஓர் உளவியலாளர் எழுதினால் அது பரிந்துரை. எந்தச் சட்டமும் இல்லாத மாநிலத்திலும் அதைச் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள். புதுச் சட்டம் தருவது வேறு. சீட்டில் அவரே கையெழுத்திடுகிறார், மருந்துக்கடைக்காரர் அதை ஏற்று மருந்து தருகிறார், பக்கவிளைவு வந்தால் பொறுப்பும் அவருடையது. நாம் பேச்சில் "டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார்" என்றுதான் சொல்கிறோம். கையெழுத்தும் பொறுப்பும் அந்த 'எழுதி'யில் இருக்கின்றன. கலைச்சொல்லுக்கும் அந்த வினையையே எடுக்கலாம்.

> லூசியானாவில் 'மெடிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்கிறார்கள். 'மருத்துவ உளவியலாளர்' என்று வைத்துவிடலாமே.

ஐயா, இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பதற்கே தமிழில் பலர் 'மருத்துவ உளவியலாளர்' என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அவர்கள் எம்.ஃபில் போன்ற படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்து, சோதனைகளும் உரையாடல் சிகிச்சையும் செய்பவர்கள். மருந்து எழுத முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, அவரவர் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ சொல்லக்கூடாது என்கிறது. சைக்காலஜிஸ்ட் (உளவியலாளர்), சைக்கியாட்ரிஸ்ட் (மருத்துவம் படித்த உளமருத்துவர்) இருவரையும் 'மனநல டாக்டர்' என்றே அழைக்கும் நம் வாசகர், "மருத்துவ உளவியலாளர்கள் மருந்து எழுதலாம்" என்ற தலைப்பைப் பார்த்தால் என்ன நினைப்பார்? தவறான ஆளிடம் தூக்க மாத்திரை கேட்டு நிற்பார்.

> 'மருந்தாணை'?

சுருக்கமாக இருக்கிறது. ஆனால் வார்டில் செவிலியருக்கு மருத்துவர் எழுதும் குறிப்புக்கு அது இன்னும் பொருந்தும். அதற்கென்றே வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவு: 'மருந்தெழுது உளவியலாளர்', 'மருந்தெழுது உரிமம்'. எழுதுகோல் போல வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. 'மருந்தெழுதுரிமம்' என்று சேர்த்தெழுதினால் படிக்கக் கடினம், பிரித்தே எழுதலாம்.

'உரிமை' ஏன் கூடாது என்று மருத்துவர் அம்மா கேட்டிருந்தார்கள். பட்டம் பெற்றதும் தானாக வருவதல்ல இது. நியூ மெக்சிகோவில் 450 மணி நேர வகுப்பு, 400 மணி நேரக் களப்பயிற்சியில் குறைந்தது 100 நோயாளிகள், ஒரு தேர்வு. பிறகும் இரண்டு ஆண்டுகள் மருத்துவர் மேற்பார்வையில் நிபந்தனையோடுதான் எழுதலாம். இல்லினாயில் 17 வயதுக்குக் குறைந்தவர், 65 வயதைத் தாண்டியவர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு எழுதவே கூடாது. ஓட்டுநர் உரிமம் போல, தேர்வு வைத்து, வரம்பு போட்டு, பறிக்கவும் முடிகிற ஒன்று. உரிமம் என்றால் 'நிபந்தனை உரிமம்', 'முழு உரிமம்' என்று கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன.

சொல்லுக்குள் ஆதரவோ எதிர்ப்போ ஏறிவிடக்கூடாது என்பதிலும் எனக்கு அக்கறை உண்டு. கிராமப்புறங்களில் உளமருத்துவர் கிடைப்பதே அரிது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது ஆதரிப்பவர்கள் வாதம். லித்தியம் போன்ற மருந்தைக் கொடுத்தால் சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும், உடலை முழுதாகப் படிக்காதவர் எப்படிப் பார்ப்பார் என்பது எதிர்ப்பவர்கள் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஓரிகானில் 2010இலும் 2017இலும் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர்கள் மறுத்ததும் இந்த இழுபறியால்தான். 'மருந்தெழுது' என்பது செயலை மட்டும் சொல்கிறது. இரு தரப்பும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அமெரிக்க உளவியல் சங்கம், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இரண்டுக்குமே சுருக்கம் ஏ.பி.ஏ. தான். இந்த விவகாரத்தில் இரண்டும் எதிரெதிர் அணி. முழுப்பெயரை எழுதாவிட்டால் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது தலைகீழாகிவிடும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எழுத முடிந்தவருக்குத்தான் தேவையற்ற மருந்தை நிறுத்தவும் முடியும் என்று இந்த உளவியலாளர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். அந்த 'டீபிரிஸ்கிரைபிங்'குக்கு 'மருந்து நிறுத்தம்' சரிவராது, ஏனென்றால் நோயாளி தானாகவே விட்டுவிடுவதையும் அப்படித்தான் சொல்வோம். மருத்துவர் திட்டமிட்டு, படிப்படியாக அளவைக் குறைத்து எடுப்பது இது. 'மருந்து விலக்கல்', 'மருந்துக் குறைப்பு' இரண்டும் மனதில் இருக்கின்றன. நோயாளிகளோடு பேசும்போது எது இயல்பாக வருகிறது என்று மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொன்னால், இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்