பர்கர் விஷயத்தில் மனசை விட்டுப் போகாத ஒன்று உங்களுக்கும் உண்டா?

கருங்கல் அம்மா:

மாசி மாசம் பையனுக்குப் பத்து வயசு முடிந்தது. கேக் வேண்டாம், பர்கர் போதும் என்றான். கூடப் படிக்கிற ஆறு பேரையும் கூப்பிட்டும் விட்டான். எல்லாரையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுக்கக் கட்டுப்படியாகாது. கடைச் சாமான் அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதும் இல்லை. விளையில் இடிச்சக்கை, அதாவது பிஞ்சுப் பலாக்காய், தொங்கிக் கிடந்தது. அதை வேகவைத்துச் சதைத்து, உருளைக்கிழங்கும் உள்ளியும் (வெங்காயம்) நல்லமிளகும் சேர்த்துத் தட்டி, தோசைக்கல்லில் கொஞ்சமாகத் தேங்காய் எண்ணெய் விட்டுச் சுட்டேன். நடுவில் வெள்ளரிக்காய், தக்காளி, கெட்டித் தயிர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் கடியிலேயே ஒரு பிள்ளையின் கையில் கட்லெட் இரண்டாகப் பிளந்து, பின்பக்கமாக வழுக்கித் தட்டில் விழுந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் போவதற்குள் என் பையன் எழுந்து அதை எடுத்துப் பன்னுக்குள் வைத்து, ஓரத்தை விரலால் தள்ளிச் சரிசெய்து, "எங்க அம்மா செஞ்சது கொஞ்சம் லூசாத்தான் இருக்கும். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ" என்றான்.

தயிர்க் கிண்ணத்தோடு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவன் குரலில் இருந்தது பெருமையா, சமாளிப்பா என்று இன்றுவரை பிடிபடவில்லை. ராத்திரி கேட்கலாம் என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. செய்முறை கேட்டு இதை எழுதவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று நெஞ்சில் கிடக்கும் இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

இரணியல்காரன்:

அக்கா, நான் ஒன்பது வருசம் துபாயில் ஹோட்டல் அடுக்களையில் நின்றவன். போன புதிதில், நாற்பது பர்கருக்கான மாட்டிறைச்சியில் முந்தின ராத்திரியே உப்பைப் போட்டுப் பிசைந்து வைத்துவிட்டேன். காலையில் தலைமைச் சமையல்காரர் ஒன்றைச் சுட்டு, விரலால் அமுக்கி, அது ரப்பர் மாதிரி எழும்புவதை எனக்குக் காட்டினார். அப்புறம் மொத்தத்தையும் குப்பையில் கவிழ்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தட்டு காலியாகிற அந்தச் சத்தம் இப்பவும் காதில் கேட்கும்.

நீங்கள் செய்முறை கேட்கவில்லைதான், ஆனால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இடிச்சக்கை உடைந்ததற்குக் காரணம் தண்ணீர். வேகவைத்ததும் ஆறவிட்டு, ஒரு தோர்த்துத் துண்டில் கட்டி முறுக்கிப் பிழிந்திருக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அம்மியில் சதைக்கும்போது நார் முழுக்க நைந்துவிடக் கூடாது, அந்த நார்தான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பொட்டுக்கடலையைப் பொடித்து இரண்டு கைப்பிடி சேருங்கள், மிச்ச ஈரத்தை அது குடித்துவிடும். தட்டியதை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து இறுகியபின் சுடுங்கள். கல்லில் போட்டதும் கரண்டியால் கிளறக் கூடாது. அடிப்பக்கம் சிவந்தால் தானாகவே கல்லை விட்டு வரும், அப்போது ஒரே ஒரு தடவை திருப்பினால் போதும்.

இறைச்சி என்றால் கதை வேறு. உப்பைக் கல்லில் போடுவதற்குச் சற்று முன்னால் மேலே மட்டும் தூவ வேண்டும். முன்கூட்டியே உள்ளே போட்டுப் பிசைந்தால் உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்துப் பசை போல ஒட்ட வைத்துவிடும், சாஸேஜ் பதம் வந்துவிடும். நடுவில் பெருவிரலால் ஒரு குழி போடுங்கள், இல்லையென்றால் சுருங்கும்போது பந்து மாதிரி உப்பிக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும். ஆரோக்கியம் என்று சொல்லிக் கொழுப்பே இல்லாத இறைச்சி வாங்கினால் சவைக்க முடியாது. கொழுப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் பொடியாக நறுக்கி வதக்கிய உள்ளியும் காளானும் சேருங்கள், ஈரம் நிற்கும். பன்னின் வெட்டின முகத்தைக் கல்லில் வாட்டுங்கள். வாட்டாத பன் சாற்றைக் குடித்து ஊறிவிடும், வழுக்குவது அதனாலும்தான்.

வாரக்கடைசி பஸ்:

எனக்கு உண்டு அக்கா. சொல்லிவிடுகிறேன்.

வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில், வீடு குலசேகரம் பக்கம். அப்பா நாற்பது வருசமாக ரப்பர் பால்வெட்டு. இரண்டு வருசத்துக்கு முன் கண் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் கூட்டிவந்தேன். வேலை முடிந்ததும் ஒரு மாலுக்குள் கூட்டிப்போய், இருப்பதிலேயே பெரிய பர்கரை வாங்கி முன்னால் வைத்தேன். அப்பா முதலில் மேல் பன்னைத் தூக்கி உள்ளே பார்த்தார். தேங்காய் மூடியைத் திறந்து பார்ப்பது போல, ரொம்பக் கவனமாக. பிறகு மூடினார். பாதி சாப்பிட்டார். மீதியை அந்தத் தாளிலேயே மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். "அம்மைக்கு" என்றார்.

"வேண்டாம்ப்பா, மயோனைஸ் போட்டது, பஸ்ஸுல தாங்காது, கெட்டுப்போவும்" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தாளை மறுபடி விரித்து மிச்சத்தையும் தின்று முடித்தார். பிடித்துத் தின்றதல்ல, வீணாக்கக் கூடாது என்று தின்றது. எனக்குத் தெரியும் அந்த முகம். களியக்காவிளை தாண்டும்போதுதான் உறைத்தது, அம்மாவுக்கு மயோனைஸ் இல்லாமல் தனியாக ஒன்று கட்டித் தரச் சொல்லியிருக்கலாமே என்று. ஒரு நிமிச வேலை. நான் சொன்னது தப்பில்லை, ஆனால் அது மட்டும்தான் எனக்குச் சொல்லத் தோன்றியிருக்கிறது.

வடசேரி சிஸ்டர்:

தம்பி, நீங்கள் தடுத்தது நூற்றுக்கு நூறு சரி. அதற்காக வருத்தப்படாதீர்கள். நான் நர்ஸ், இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

2024 மே மாசம், நாகர்கோவிலில் ஒரு சின்னக் கடை. பெயர் வேண்டாம். அக்கா மகளும் நானும் போனோம். மயோனைஸ் பாட்டில் அடுப்புப் பக்கத்திலேயே நின்றது. பாட்டிலின் மூக்கில் காய்ந்து மஞ்சளாகப் படிந்திருந்ததை அந்தப் பையன் பெருவிரலால் துடைத்துவிட்டு எங்கள் பன்னில் பிழிந்தான். நான் பார்த்தேன். வேலையில் தினமும் கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறவள், பார்த்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளை ஆசையாகக் கேட்டாள், வரிசையில் பின்னால் ஆள் நின்றது, சொல்லக் கூச்சமாக இருந்தது. நடுராத்திரி இரண்டு பேருக்கும் வாந்தி. அவளுக்கு மூன்று நாள் டிரிப் ஏறியது. அந்தப் பெருவிரல்தான் எனக்கு நிற்கிறது.

பச்சை முட்டை மயோனைஸுக்கு நம் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருசத்துக்குத் தடை போட்டது. கேரளம் 2023 ஜனவரியிலேயே தடுத்துவிட்டது. சால்மொனெல்லா கிருமி முட்டையில் இருக்கலாம், மயோனைஸ் அடிக்கும்போது அதைக் கொல்லச் சூடு எதுவும் கிடையாது. மேலே நம் ஊர் வெயில். கருங்கல் அக்கா தயிர் வைத்தது நல்ல யோசனை. தயிரைத் துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வடியவிட்டால் மயோனைஸ் கெட்டிக்கு வந்துவிடும். ஒரு பல் பூண்டும் நல்லமிளகும் தட்டிப் போட்டால் போதும்.

இரணியல் அண்ணனுக்கு ஒன்று. எல்லாம் சொன்னீர்கள், வேக்காட்டைச் சொல்லவில்லை. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்ததும் உள்ளே முழுக்கக் கலந்துவிடும். அதனால் அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், கோழி என்றால் 74. நடுவில் சிவப்பாக வைத்துச் சாப்பிடுகிற பழக்கமெல்லாம் வீட்டில் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இரணியல்காரன்:

சிஸ்டர் சொன்னது சரி. எங்கள் அடுக்களையில் அதற்கென்று ஊசி வெப்பமானி உண்டு, வீட்டில் அது இல்லை என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். அரை விரல் கனத்துக்கு மேல் தட்டாதீர்கள், மூடி போட்டு முழுக்க வேகவிடுங்கள்.

குளச்சல் கடற்கரை:

எல்லாரும் சக்கையும் மாடும் பேசுகிறீர்கள். கடற்கரை மாவட்டத்தில் மீனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே.

வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று சென்னை போயிருந்தேன். நன்றாக நடந்தது. அந்தச் சந்தோசத்தில் பெரிய கடை ஒன்றில் தனியாகப் போய் உட்கார்ந்து மீன் பர்கர் வாங்கினேன். வெள்ளையாக, பஞ்சு மாதிரி, முள் இல்லை, வாடை இல்லை. நிஜமாகவே நன்றாக இருந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு மீன் பர்கர் தின்கிறேன் என்றேன். அம்மா முதலில் கேட்டது வேலையை அல்ல. "என்ன மீனு மக்களே?"

எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கேட்டேன். "ஃபிஷ், மேடம்" என்றார் கவுன்ட்டரில் நின்றவர். திரும்பப் போனை எடுத்து, "மீனுதான்னு சொல்லுதாவ" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் பெயர் தெரியாத மீன் சட்டிக்குள் போனதில்லை. அப்பா வள்ளத்தில் போகிறவர். எந்த மீன், எந்தக் கடல், காலையில் வந்ததா நேற்று வந்ததா என்பது தெரிந்துதான் குழம்பு கூடும். அந்தப் போனை வைத்தபிறகு மிச்சத்தை எப்படித் தின்று முடித்தேன் என்று நினைவில்லை.

இப்போது வீட்டில் நாங்கள் சூரை மீனில் செய்கிறோம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, கறுத்த சதையைத் தனியாக எடுத்துவிட்டு, வெள்ளைச் சதையை விரலால் உதிர்க்க வேண்டும். அவித்த மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) மசித்து அதனோடு சேர்த்தால் முட்டையும் வேண்டாம், மாவும் வேண்டாம், அப்படியே பிடித்துக்கொள்ளும். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. மேலே பச்சைமாங்காய் சீவி வைத்தால் போதும், சாஸ் தேவையில்லை. கருங்கல் அக்கா, உருளைக்கிழங்கை விட்டுவிட்டு மரச்சீனியைப் போட்டிருந்தால் உங்கள் இடிச்சக்கையும் பிளந்திருக்காது. இந்த ஊரில் இருந்துகொண்டு எதற்கு உருளைக்கிழங்கு?

தக்கலை பன் வீடு:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். உள்ளே வைப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், பன்னை ஒருத்தரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் பேக்கரி.

சில வருசங்களுக்கு முன் புதிதாகத் திறந்த பர்கர் கடை ஒன்று எங்களுக்கு ஆர்டர் தந்தது. தினமும் நூறு பன், மேலே எள் இருக்க வேண்டும். முதல் நாள் எள் எல்லாம் உதிர்ந்து தட்டில் கிடந்தது. அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு துணியை நனைத்துப் பலகையில் விரித்து, ஒவ்வொரு மாவு உருண்டையின் தலையையும் அதில் ஒற்றி, பிறகு எள்ளில் ஒற்றி வைத்தார். நூறும் அப்படியே. ஒரு எள்கூட விழவில்லை. விடிகாலையில் முதல் தட்டை அடுப்பிலிருந்து இழுத்து, என்னை எழுப்பிக் காட்டினார். நாலு மாசத்தில் அந்தக் கடை மூடிவிட்டது, கடைசி மாசப் பணமும் வரவில்லை. பணம்கூடப் போகட்டும். அந்தத் தட்டை எனக்குக் காட்டிய முகத்தை நினைத்தால்தான் தாங்கவில்லை.

சாயாக்கடையில் கிடைக்கிற பன் இனிப்பு, பர்கருக்கு ஆகாது. பேக்கரியில் முந்தின நாளே சொன்னால் சீனி குறைத்துச் செய்து தருவார்கள். மைதா வேண்டாம் என்றால் பாதிக்குப் பாதி கோதுமை மாவு போடலாம். தண்ணீர் கூடுதலாக இழுக்கும், பிசைந்ததும் இருபது நிமிசம் சும்மா விட்டுவிட்டு மறுபடி பிசைய வேண்டும். ராகி பன் என்று ஆசைப்பட்டு முழுக்க ராகியில் செய்யாதீர்கள். ராகியில் பசைத்தன்மை கிடையாது, காற்றைப் பிடித்து வைக்காது, கல் மாதிரி வரும். கால் பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது.

கருங்கல் அம்மா:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். குளச்சல் தங்கச்சி, அன்றைக்கு மரச்சீனி வீட்டில் இருந்தது. பர்கர் என்றால் உருளைக்கிழங்குதான் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. தக்கலைத் தம்பி, நான் போட்டது சாயாக்கடைப் பன்தான்.

பையனிடம் இன்னும் கேட்கவில்லை. ஆனால் நேற்று அவனாகவே, சக்கை சீசன் முடிவதற்குள் இன்னொரு தடவை செய்வாயா என்றான். இந்தத் தடவை பிழிகிற வேலையை அவனிடம் கொடுக்கப் போகிறேன்.

வாரக்கடைசி பஸ்:

இந்தச் சனிக்கிழமை நானும் வீட்டில் செய்தேன். மார்த்தாண்டத்தில் முந்தின நாளே சொல்லி வைத்து எட்டு பன், கால் கிலோ மாட்டிறைச்சி, இரணியல் அண்ணன் சொன்ன அதே கணக்கு. உப்பு கடைசியில், நடுவில் குழி, பன்னை வாட்டியாயிற்று. மயோனைஸ் இல்லை, சிஸ்டர் சொன்ன வடித்த தயிர். முதலாவதை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைக் கத்தியால் நாலாக வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லமிளகு இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றாள். அப்பாவுக்கு முழுசாகக் கொடுத்தேன். திறந்து பார்க்கவில்லை, அப்படியே கடித்தார்.

வடசேரி சிஸ்டர்:

மிச்சம் இருந்ததா? இருந்தால் இறைச்சியை மட்டும் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கித் தாருங்கள்.

வாரக்கடைசி பஸ்:

மிச்சம் இல்லை சிஸ்டர். பன் மட்டும் மூன்று இருந்தது, காலையில் அப்பா சாயாவில் முக்கிச் சாப்பிட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போனார்.