பிஞ்சுத் தட்டணுவா, முதிராத் தட்டணுவா? (ஐபிஎஃப், அதாவது இம்மெச்சூர் பிளேட்லெட் ஃபிராக்ஷனுக்குத் தமிழ்ச் சொல்)

> "முதிராத் தட்டணுப் பின்னம்"னு போட்டு இந்த வாரமே கலைச்சொல் பட்டியலை மூடிடலாமா?

அக்கா, ப்ளீஸ் மூடிடாதீங்க. டூட்டி முடிஞ்சு வரவே ராத்திரி பத்தாயிடுச்சு, அதான் லேட்டு.

லேப்ல உக்காந்து பாக்கறவன்ங்கற முறையில சொல்றேன், இந்தச் சொல் எதுக்குப் பயன்படுதுன்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் பேர் வைப்போம். பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவற தட்டணு, கொறஞ்சு ஒருத்தர் வந்தா டாக்டருக்கு முதல் கேள்வி, மஜ்ஜையில உற்பத்தியே ஆகலையா, இல்ல உற்பத்தி ஆனது வெளிய அழியுதா (மண்ணீரல் புடிச்சு வெச்சுக்கறதும் உண்டு, அது இப்ப வேணாம்). வெறும் எண்ணிக்கைய வெச்சு இது தெரியாது, ரெண்டுலயும் முப்பதாயிரம் முப்பதாயிரம்தான். பந்தியில இட்லி தீந்து போச்சுன்னு வைங்க, அடுப்படியில வேகலையா, இல்ல வந்த வேகத்துல தின்னுட்டாங்களா? இலையில மிச்சம் இருக்கற இட்லிய தொட்டுப் பாத்தா போதும், சூடா இருந்தா உள்ள வேலை நடக்குது. ஐபிஎஃப் அந்த சூடுதான். மஜ்ஜையில இருந்து புதுசா வந்த தட்டணுல கொஞ்சம் ஆர்என்ஏ ஒட்டிட்டிருக்கும், ஒரு நாள் போல ஆனா போயிடும். மெஷின் ஒளிரும் சாயம் போட்டு அத எண்ணி நூத்துக்கு இவ்ளோன்னு குடுக்குது. நல்லா இருக்கறவங்களுக்கு நூத்துக்கு சிலதுதான் இருக்கும். உடம்பே தன் தட்டணுவ அழிக்கற ஐடிபி-ல பத்து இருபதுன்னு ஏறும், கீமோ போட்டவங்களுக்கும் மஜ்ஜை வத்திப் போனவங்களுக்கும் பெருசா ஏறாது. டெங்குல எண்ணிக்கை இன்னும் கீழயே கெடக்கும், ஆனா இது ஏற ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல எண்ணிக்கையும் பின்னாடியே வரும், அதுக்குள்ள பேர் வாங்கிட்டுப் போறது என்னவோ பப்பாளி இலை ஜூஸ்தான்.

இப்ப சொல்லுக்கு வர்றேன். "முதிரா"ன்னா ஏதோ குறை இருக்கற மாதிரி கேக்குது, ரிப்போர்ட்ட கையில வாங்கற ஆளு பயந்துருவாரு. ஐயா சொன்ன "பிஞ்சு" காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல ஒரு வில்லங்கம். பிஞ்சுன்னா சின்னதுன்னுதான் யாரும் நெனப்பாங்க, இங்க கதை தலைகீழ், புதுசா வர்றதுதான் பெருசு. அதனாலதான் ஐடிபி-ல எம்பிவி, அதாவது தட்டணுவோட சராசரிப் பருமன், ஏறுது, நார்மல் ஏழுல இருந்து பதினொண்ணு ஃபெம்டோலிட்டர் வரைக்கும்னா இவங்களுக்கு அதத் தாண்டிப் போகும். (எம்பிவி-ய மட்டும் நம்பிடாதீங்க, ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உக்கார உக்கார தட்டணு ஊதிக்கும்.) 1969-ல நாய்கள்ல ரத்த இழப்புக்கு அப்புறம் இத முதல்ல பாத்தவங்க வலை மாதிரி தெரியுதுன்னு ரெட்டிகுலேட்டட் பிளேட்லெட்னு பேர் வெச்சாங்க, அத அப்படியே "வலைத்தட்டணு"ன்னா நம்ம ஆளு மீன்வலைன்னு நெனச்சுப்பாரு.

என் ஓட்டு "இளந்தட்டணு".

----

வணக்கம். இட்டலி விளக்கம் நல்லா இருக்கு, நாங்கள் அப்பம் எண்டு வச்சுக்கொள்ளுறம். ஆனா எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில குருதிச் சிறுதட்டு எண்டுதான் இருக்கு. அணு எண்டு சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்ல, அது முழு உயிரணுவே இல்லை, மஜ்ஜையில இருக்கிற ஒரு பெரிய உயிரணுவில இருந்து பிய்ஞ்சு வாற துண்டு, கருவும் இல்லை. அப்ப "இளஞ்சிறுதட்டு" எண்டால் என்ன?

----

நியாயமான தடை. அணு என்பதை நானும் கைவிடத் தயார், பிஞ்சையும் விட்டுவிட்டேன், அளவு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆனால் பின்னம் வேண்டாம். பின்னம் என்றால் பிள்ளைகளுக்கு அரை, கால், முக்கால்தான்.

----

ஐயா, பின்னம் போச்சு, சந்தோஷம். வீதமும் வேணாம், பிறப்பு வீதம் மாதிரி வேகத்த சொல்றதா ஆயிடும்.

அண்ணா, அணு பத்தி நீங்க சொன்னது சரிதான், ஒத்துக்கறேன். ஆனா "சிறு" எனக்கு இடிக்குது. மேற்கு வங்கத்துலயும் வடகிழக்குலயும் சில பேருக்குப் பிறவியிலயே எண்ணிக்கை கம்மியா, சைஸ் மட்டும் பெருசா இருக்கும், ரத்தக்கசிவு எதுவும் இருக்காது, ஹாரிஸ் சிண்ட்ரோம்னு பேரு. அந்தப் பெரிய பிளேட்லெட்டுக்கு உங்க கணக்குல "பெருஞ்சிறுதட்டு"ன்னு எழுதணும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க!

அதனால அணுவும் வேணாம் சிறுவும் வேணாம், வெறும் தட்டு. தலைச்சொல் குருதித்தட்டு, அதுல இருந்து இளந்தட்டு, பெருந்தட்டு, தட்டுக்குறை எல்லாம் தன்னால வந்துரும். ஐபிஎஃப்-க்கு "இளந்தட்டுப் பங்கு". கூடவே "இளந்தட்டு எண்ணிக்கை"யும் வேணும், ஏன்னா பங்கு மட்டும் பாத்தா ஏமாத்திடும். இருபதாயிரத்துல இருபது சதவீதம்னா நாலாயிரம், ரெண்டு லட்சத்துல நாலு சதவீதம்னா எட்டாயிரம், சதவீதம் பெருசா இருக்கற எடத்துல ஆளு கம்மி.

இன்னொண்ணு, போன வாரம் ஒரு அம்மாவுக்கு மெஷின் இருபத்தெட்டாயிரம்னு காட்டிருச்சு, பையன் ரத்தம் ஏத்த ஆள் தேடி ஃபோன் போட்டுட்டு இருக்கான். ஸ்லைடு போட்டுப் பாத்தா ஓரத்துல எல்லாம் கொத்துக் கொத்தா ஒட்டிட்டு நிக்குது. ஊதா ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்கப் போடற ஈடிடிஏ பண்ற வேலை அது. நீல மூடி சிட்ரேட் ட்யூப்ல திரும்ப எடுத்து, அதுல இருக்கற திரவம் ரத்தத்த நீர்க்க வைக்கறதால 1.1-ஆல பெருக்கினா ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம். இதுக்கு "பொய்த் தட்டுக்குறை"ன்னு போட்டிருக்கேன், யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, திங்கக்கிழமை அக்கா பட்டியல மூடிடுவாங்க.