மறு: ‘வேலிடேஷன்’ – பாடநூலுக்கு ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி, பாலிடெக்னிக் ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். அதிவேக ரயில்களின் கணினிவழிக் கட்டுப்பாடு பற்றிய பாடம் திங்களன்று அச்சுக்குப் போகவேண்டும். ‘வெரிஃபிகேஷன்’ என்பதற்குச் ‘சரிபார்ப்பு’ என்று எழுதிவிட்டேன். ‘வேலிடேஷன்’ வரும் இடத்திலும் அதுவே வந்து விழுகிறது. ரயில்வே மென்பொருளுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 50128 இவ்விரண்டையும் வெவ்வேறு பொறுப்புகளாகப் பிரித்திருப்பதால் ஒரே சொல் உதவாது. வடிவமைப்பின் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டம் கேட்டதை நிறைவேற்றியுள்ளதா என்று பார்ப்பது முன்னது. முடிந்த அமைப்பு, அது இயங்கப்போகும் சூழலில், விதித்த பாதுகாப்புத் தேவைகளுக்குப் போதுமானதா என்று பார்ப்பது பின்னது.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வள்ளுவர் தீர்த்துவைத்த சிக்கல் அம்மா இது. ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ (509). தேர்தல் என்பது ஆராய்வது; தேறுதல் என்பது ஆராய்ந்தபின் நம்புவது. ஆகவே முன்னது தேர்வு, பின்னது தேற்றம். தொல்காப்பியர் ஏகாரத்தின் ஐந்து பொருள்களில் தேற்றத்தைத்தான் முதலில் வைக்கிறார்.

கண்டனூர், சிக்னல் பிரிவில் பணியாற்றியவர்:
ஐயா, பொருத்தம் அருமை. ஆனால் மாணவருக்குத் தேற்றம் என்றால் பிதாகரஸ், தேர்வு என்றால் செமஸ்டர். 2011 ஜூலை 23 அன்று சீனாவின் வென்ஜோ அருகே மின்னல் தாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஃபியூஸ் எரிந்துபோன பிறகும், அக்கருவி பழுதுக்கு முந்தைய தகவலையே அனுப்பியதால் சிவப்பு எரியவேண்டிய சிக்னல் பச்சையாகவே நின்றது. நின்ற ரயில்மீது பின்னால் வந்த ரயில் மோதி 40 பேர் இறந்தார்கள். பழுதானால் சிவப்புக்கே போகவேண்டும் என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. அதைச் சோதித்து உறுதிசெய்வதைக் குறிப்பதால் ‘மெய்ப்பிப்பு’ என்று வைக்கலாம்.

பள்ளத்தூர், மொழிபெயர்ப்பாளர்:
மெய்ப்பிக்க முடியாது அண்ணே, அதுதான் சங்கடம். தரநிலையின் உச்சமான நான்காம் நிலைப் பாதுகாப்பு என்றால், ஆபத்தான பழுது 10 கோடி மணி நேரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்கவேண்டும். அதாவது 11,000 ஆண்டுகளுக்கு மேல். ஓட்டிப்பார்த்து எப்படி மெய்ப்பிப்பது? பகுப்பாய்வும் வாதமும் சேர்ந்துதான் நிறுவவேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களின் கொண்டுவிற்றலில், அதாவது வட்டிக்கடைத் தொழிலில், கணக்கு பிசகாமல் எழுதிய உண்டியல் என்னும் பணச்சீட்டும் எதிர்க்கடையில் செல்லுமா என்பது வேறு கேள்வி. அந்தச் ‘செல்லுபடி’யே போதாதா?

தேவகோட்டை:
செல்லுபடி பயணச்சீட்டுக்கு ஆகும். தேற்றம் வேண்டாமென்றால் ‘தேறல்’ இருக்கிறது.

பள்ளத்தூர்:
சங்க இலக்கியத்தில் தேறல் என்றால் தெளிந்த கள். வகுப்பறையில் வேண்டாம் ஐயா.

காரைக்குடி:
‘ஏற்புறுதி’ என்று ஒருவர் தனிமடலில் பரிந்துரைத்தார்: குறித்த பயன்பாட்டுக்கு ஏற்றது என்னும் உறுதி. மூவர் சரி என்கிறார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள். அதையே இடுகிறேன்.

கண்டனூர்:
இடுங்கள், ஆனால் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அமைப்பை ஏற்பது அதை இயக்கப்போகும் ரயில்வேயும் பாதுகாப்பு அதிகாரியும் பிறகு தனியே செய்யும் வேலை. இங்கேயே ‘ஏற்பு’ என்று எழுதிவிட்டால் அடுத்த இயலில் அந்தக் கட்டத்துக்கு என்ன சொல் வைப்பீர்கள்?