அணு உலையை எதிர்ப்பவர்கள் எல்லாம் அறிவியல் தெரியாதவர்களா?

எண்கணக்கன்:
ஒரு டெராவாட் மணி (நூறு கோடி யூனிட்) மின்சாரத்துக்கு நிலக்கரியால் சாகிறவர்கள் சுமார் 25 பேர், பெரும்பாலும் புகையால். அணுமின்சாரத்தில் 0.03தான். செர்னோபில், புகுஷிமா உலை விபத்துகளையும் சேர்த்தே சொல்றேன். இதைப் பல தடவை எழுதியாச்சு. அப்புறமும் பயமா இருக்குன்னா, படிக்காம பேசுறாங்கன்னுதான் அர்த்தம். அறிவியலை ஒழுங்கா சொல்லிக் கொடுத்தா பாதி எதிர்ப்பு கரைஞ்சிடும்.

நிலா:
உங்க எண்களை நான் மறுக்கல. படிச்சா பயம் போயிடும்ங்கிறதைத்தான் மறுக்கிறேன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹானோட குழு சுமார் 1,500 பேரிடம் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. காலநிலை மாற்றமும் அணுமின்சாரமும் எவ்வளவு ஆபத்துங்கிறதுல, அறிவியலும் கணக்கும் நல்லாத் தெரிஞ்சவங்க நடுவுலதான் பிளவு பெருசா இருந்தது. சமத்துவத்தையும் கூட்டுப் பொறுப்பையும் பெருசா நினைக்கிறவங்க ஒரு பக்கம், தனிமனித முயற்சியையும் மேல்கீழ் ஒழுங்கையும் மதிக்கிறவங்க இன்னொரு பக்கம். அறிவு கூடக்கூட, அவரவர் பக்கத்துக்கு வாதம் தேடுற திறமையும் கூடுது. நீங்களும் நானும் அதுக்கு விலக்கு இல்லை.

இன்னொன்னு. ஆபத்தை மக்கள் எப்படி எடை போடுறாங்கன்னு ஆராய்ந்த உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-ல் எழுதிய கட்டுரையில 30 ஆபத்துகளோட பட்டியல் இருக்கு. கல்லூரி மாணவர்கள் அணுமின்சாரத்தை முதல் இடத்துல வச்சாங்க, வல்லுநர்கள் 20-வது இடத்துல. வல்லுநர்கள் சாவை எண்ணினாங்க. மத்தவங்க, இது என் விருப்பத்தோட வருதா, என் கட்டுப்பாட்டுல இருக்கா, அடுத்த தலைமுறையைத் தொடுமான்னும் பார்த்தாங்க. இதை அறியாமைன்னு எப்படிச் சொல்றது?

ஈய அங்கி:
நான் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன். பதினோரு வருஷமா சட்டையில கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜோட வேலை பார்க்கிறேன். போன வாரம் ஆறு வயசுப் பிள்ளையோட ஒரு அம்மா வந்தாங்க. எவ்வளவு கதிர்வீச்சுன்னு கேக்கவே இல்லை. "என் பிள்ளையை இங்க படுக்க வச்சிட்டு நீங்க மட்டும் ஏன் கண்ணாடிக்குப் பின்னாடி போறீங்க?"ன்னு கேட்டாங்க. உங்க பிள்ளைக்கு இது ஒரே தடவை, நான் தினமும் இங்கேயே நிக்கிறவன், எனக்குச் சேர்ந்துகிட்டே போகும்னு சொன்னேன். ஈய அங்கி ஒன்னு எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கிட்டுப் பிள்ளையோட கால் விரலைப் பிடிச்சபடி ஸ்கேன் முடியுற வரைக்கும் நின்னாங்க. எத்தனை மில்லிசீவர்ட் கதிர்வீச்சுங்கிற கணக்கை மட்டும் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க.

எண்கணக்கன்:
உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா பயமும் ஆளைக் கொல்லும். 2011-ல் புகுஷிமாவைச் சுத்தி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல ஊரை விட்டுக் கிளம்பினாங்க. அங்க வேலை பார்த்தவர்களில் ஒருத்தரோட சாவுக்குக் கதிர்வீச்சு காரணம்னு 2018-ல் ஜப்பான் அரசு ஏத்துக்கிச்சு. இடப்பெயர்வின் அலைச்சல் மாதிரியான காரணங்களால் அந்த மாகாணத்துல 2,000 பேருக்கும் மேல இறந்துட்டாங்க, பெரும்பாலும் வயசானவங்க. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்னைக்குக் கடைசி மூணு உலைகளையும் மூடிச்சு. நிலக்கரி நிலையங்கள் அப்பவும் ஓடிக்கிட்டுதான் இருந்தன. அந்தப் புகையைச் சுவாசிக்கிறவங்க கிட்ட யாரு சம்மதம் கேட்டாங்க?

நிலா:
நியாயமான கேள்வி. பாருங்க, இப்ப நீங்களும் எண்ணை விட்டுட்டு நியாயத்துக்கு வந்துட்டீங்க. இன்னிக்கு மூச்சு முட்டுறவங்க உங்களுக்கு முதல்ல தெரியுறாங்க. எனக்கு, உலைக் கழிவுல இருக்கிற கதிரியக்கப் புளூட்டோனியம்-239 பாதியாக் குறைய ஆகிற 24,000 ஆண்டும், அதுக்குள்ள பிறக்கப் போறவங்களும். இதுல யாருக்கு எவ்வளவு எடைன்னு எந்தச் சூத்திரமும் சொல்லாது.

ஆனா வழி இருக்கு. ஃபின்லாந்தில் அணுக்கழிவை 400 மீட்டருக்கும் கீழே பாறைக்குள்ள புதைக்கத் திட்டம் போட்டப்போ, வேண்டாம்னு சொல்ற அதிகாரம் சட்டப்படியே யூராயோக்கி ஊர் மன்றத்துக்கிட்ட இருந்தது. 2000-ல் அந்த மன்றம் சம்மதம் கொடுத்தது.

எண்கணக்கன்:
யூராயோக்கியில ஏற்கெனவே உலை இருந்தது. வேலை கிடைச்சது, வரி கிடைச்சது, உலையோட பழகின ஊர். எல்லா ஊருக்கும் அதைப் பொருத்த முடியாது. இருந்தாலும் அறிவியல் தெரியாதவங்கன்னு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன். பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி: மறுக்கிற அதே அதிகாரத்தை நிலக்கரி நிலையத்துக்குப் பக்கத்து ஊருக்கும் கொடுப்பீங்களா? அதனால மின்சாரம் குறைஞ்சாலும்?

நிலா:
கொடுப்பேன். அவங்களுக்குத்தான் முதல்ல.