கலைச்சொல்: வைத்தியசாலைத்தொற்று நியுமோனியாவும் மருந்துக்கு மசியாமையும்

வைத்தியசாலையில் தொற்றி, மருந்துக்கு அடங்காத நுரையீரல் அழற்சிக்கு (drug-resistant hospital-acquired pneumonia) தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> "மருந்தெதிர்ப்பு மருத்துவமனை நிமோனியா" என்றே வைத்துவிடலாமே?

ஐயா, "எதிர்ப்பு" வேண்டாம். நோயெதிர்ப்பு என்றால் உடம்பின் வலு என்றுதான் எல்லாருக்கும் பழக்கம். அதே சொல்லை இங்கே போட்டால், "அப்பான்ர உடம்பு மருந்தை எதிர்க்குதாம்" என்று வீட்டார் விளங்கிக்கொள்வார்கள். அடங்காதது உடம்பு அல்ல, பற்றீரியா. அது பீற்றா லக்ரமேஸ் நொதியத்தால் மருந்தைச் சிதைக்கிறது, உள்ளே வந்ததை வெளியே தள்ளுகிறது, நுழையும் துளைகளைக் குறைக்கிறது. "சொல்லுக்கு மசியான்" என்று யாழ்ப்பாணத்தில் சொல்லுவோமே, அந்த மசிதல்தான் பொருத்தம்: மருந்துக்கு மசியா நியுமோனியா.

இடத்துக்கு "வைத்தியசாலைத்தொற்று". ஆனால் வரைவிலக்கணத்தில் நேரம் கட்டாயம் வரவேண்டும்: அனுமதித்து 48 மணித்தியாலம் கழிந்து தோன்றியது, அனுமதிக்கும்போது அரும்பியும் இராதது. பருத்தித்துறையில் வீட்டிலிருந்தே நியுமோனியாவோடு வந்து விடுதியில் படுத்திருப்பவர் இதில் அடங்கார்.

> வென்ரிலேற்றரோடு வருவதற்கு "சுவாசப்பொறி நியுமோனியா"?

பொறியில் பழி போடுகிற சொல் அது. வழி திறப்பது, பொறியோடு இணைக்க வாதனாளிக்குள் (மூச்சுக்குழலுக்குள்) விடும் குழாய். அதைச் சுற்றி அடைக்க ஊதிவைக்கும் பலூனுக்கு மேலே தேங்கும் எச்சில், சளி ஓரத்தால் கசிந்து நுரையீரலுக்கு இறங்குகிறது. ஆகவே "குழாய்வழி நியுமோனியா".

——

தாதியருக்குப் படிப்பிக்கிற பக்கத்திலிருந்து ஒரு திருத்தம். வெறும் "குழாய்" என்றால் மூக்கால் உணவு விடும் குழாயும் நினைவுக்கு வரும். "தொண்டைக்குழாய்வழி" என்றால் வாயால் போட்டதும் கழுத்தில் துளைத்துப் போட்டதும் இரண்டுமே அடங்கும். காரணம் சொல்லிலேயே நின்றால் வேலையும் தெளிவாகும்: தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்வு, பலூன் அழுத்தம் 20–30 சென்ரிமீற்றர் நீர், அதன்மேல் தேங்குவதை உறிஞ்சி எடுத்தல். அழுத்தம் குறைந்தால் கசியும். கூடினால் வாதனாளியின் சுவர் இரத்தோட்டமின்றிப் புண்ணாகும்.

——

"தொண்டைக்குழாய்வழி" எனக்குச் சம்மதம். ஆய்வுகூடத்துக்கு இன்னும் மூன்று சொல் தேவை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்து வகைகளில், வகைக்கு ஒன்றாவது பலிக்காவிட்டால் "பன்மருந்து மசியா". ஒன்றிரண்டு வகை மட்டும் மிஞ்சினால் "பெருமசியா". எதுவும் பலிக்காவிட்டால் "முழுமசியா". காபபெனெம் என்ற மருந்து வகைக்கு மசியாத அசினெற்றோபக்ரர் என்ற பற்றீரியாவில் பல வேளை கொலிஸ்ரின் என்ற மருந்துதான் மிஞ்சும். அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது.

"குடியேற்றம்" (பற்றீரியா நோயை உண்டாக்காமல் தங்கியிருத்தல்) என்ற சொல்லையும் பட்டியலில் சேருங்கள். குழாய்ச் சளியில் பற்றீரியா வளர்ந்தது மட்டும் நியுமோனியா ஆகாது. எக்ஸ்றேயில் புதிய நிழல், காய்ச்சல், சீழ்ச்சளி, வெண்குழிய மாற்றம் என்பவற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். குடியேற்றத்துக்கு மருந்து கொடுத்துக் கொடுத்தே மசியாதவற்றை வளர்க்கிறோம்.

> நோயாளியின் "பெறுபேறு"?

அது பரீட்சைச் சொல்லாகிவிட்டது. "நோய்முடிவு" என்போம். முதலில் தொடங்கிய மருந்து பலிக்காமல், வளர்ப்புச் சோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் போய்விட்டால் இறப்பு கூடுகிறது. ஆனால் இவர்கள் ஏற்கெனவே கடும் நோயாளர். ஆகவே இறப்புக்கும் இரண்டு சொல் வேண்டும்: "மொத்த இறப்பு", "நியுமோனியாவால் மேலதிகமான இறப்பு". ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் எண்கள் பொய் சொல்லும்.